நிமிடத்துக்கு 100 மில்லி

திருப்பூரில் சாயத்தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குவார்கள். நேற்று ஆறு சிவப்பாகப் போனது, இன்றைக்கு நீலமாகப் போகிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இந்த வாரம் வெளிநாட்டுக்காரன் எந்தக் கலரில் பனியன் கேட்டிருக்கிறான் என்று சொல்லிவிடலாம் என்பது ஊரில் பழைய கேலி. பத்திரிகைகளில் வந்த படங்களும் அப்படித்தான் இருக்கும். நிறம் படத்தில் விழும். உப்பு விழாது.

எங்கள் வீட்டில் உப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். என் அப்புச்சியின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூரையும் திருப்பூரையும் தாண்டி வரும் நொய்யலை அங்கே மறித்தார்கள். சில வருஷங்களிலேயே அதில் பாசனத்துக்கு ஆகாத தண்ணீர் நின்றுவிட்டது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட தண்ணீரெல்லாம் அங்கே தேங்கி, கீழே இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளுக்குள் போனது. அப்புச்சி ஆய்வகத்துக்கெல்லாம் போனவர் அல்ல. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, வாய்க்கால் காய்ந்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. இந்த மூன்றும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

அதே அப்புச்சியின் மகன், என் மாமா, திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தார். கொங்குப் பக்கம் இது அபூர்வமான குடும்பம் ஒன்றும் இல்லை. மானாவாரியில் வாழ முடியாமல் டவுனுக்குப் போன முதல் தலைமுறைதான் பனியன் கம்பெனியையும் பட்டறையையும் கட்டியது. மாமா விட்ட தண்ணீர் அவருடைய அப்பாவின் கிணற்றுக்கு வந்தது என்று நேர்கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது. துணி சாயம் போட லாரி ஏறி வெளியூர்களுக்குப் போனது. வேலை பார்த்தவர்களும் ரயில் ஏறினார்கள். அந்த வருஷம்தான் நான் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். மறு வருஷம், ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வளாகத்தில் போட்ட பைலட் பிளாண்டில் எனக்கு வேலை கிடைத்தது. அப்புச்சி, "அங்கயா போறே?" என்றார். மாமா, "அங்கயா போறே!" என்றார். வார்த்தை ஒன்றுதான்.

பைலட் பிளாண்ட் என்றால் பெரிய நிலையத்தின் குட்டி. பெரியது ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான லிட்டரைக் கையாளும். எங்களுடையது மணிக்கு 5,000 லிட்டர். பெரியதில் பரிசோதனை செய்து பார்க்க முடியாது, ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் தொட்டி தொட்டியாகக் கெட்டுப்போகும். சின்னதில் செய்து, எண்ணிக்கையை எழுதி, பெரியதற்கு எடுத்துப் போக வேண்டும். அந்தச் சமயத்தில் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு புது முறையைத் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் நடத்திக் காட்டியிருந்தது. ஆர்.ஓ.வில் ஒதுங்கும் உப்புக் கரைசலை முழுக்கக் காய்ச்சி வற்ற வைக்காமல், சுத்தம் செய்து அப்படியே சாயம் போட அனுப்பிவிடுவது. எல்லா நிலையங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் வேலை, எங்கள் தண்ணீருக்கு அது ஒத்துவருமா என்று பார்ப்பது.

முதல் ஒரு வாரம் சாயத்தண்ணீரைத் தொடவே இல்லை. நல்ல தண்ணீரை ஓட்டினோம். குழாய்களில் ஒழுக்கு எங்கே, எந்த மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது, எந்த மீட்டர் பொய் சொல்கிறது என்று பார்க்கும் வாரம் அது. பார்க்க வருகிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். எனக்குப் பிடித்த வாரம் அதுதான். ஆலையில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்கும்.

ஷிஃப்டில் என்னோடு இருந்த ஆபரேட்டர் அண்ணன் முன்பு ஒரு பட்டறையில் சாயத்தொட்டி ஆளாக இருந்தவர். மூடலில் வேலை போய் இங்கே வந்திருந்தார். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார், மேலதிகாரிகள் இருந்தால் மட்டும் "மேடம்". டோசிங் பம்பைப் பற்றி முதல் நாளே கேட்டார்: "ஏனுங் அம்மிணி, இத்தனூண்டு பம்பு. இது என்ன பண்ணும்?"

பண்ணும். கணக்கு இப்படி: மணிக்கு 5 கன மீட்டர் தண்ணீர் வருகிறது. லிட்டருக்கு 60 மில்லிகிராம் மருந்து வேண்டுமென்றால் மணிக்கு 300 கிராம். மருந்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து வைத்திருந்தால் மணிக்கு 6 லிட்டர் கரைசல். நிமிடத்துக்கு 100 மில்லி. பம்பின் மேல் உள்ள திருகு 60 சதவீதம் என்று காட்டலாம், அதை நம்பக் கூடாது. உறிஞ்சும் பக்கம் அளவு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் கரைசலை நிரப்பி, வாட்சைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி இறங்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும். வால்வுக்கடியில் ஒரு துணுக்குக் குப்பை மாட்டினால் பம்பு டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் போயிருக்காது. அண்ணன் இரண்டே நாளில் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க ஆரம்பித்தார். சாயத்தொட்டியில் கிராம் கணக்கில் கலர் நிறுத்துப் போட்ட கை அது.

அந்த 60 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது? ஜார் டெஸ்டிலிருந்து. ஆறு பீக்கரில் ஒவ்வொரு லிட்டர் சாயத்தண்ணீர், ஆறு துடுப்பு. முதலாவதில் கொஞ்சம் மருந்து, அடுத்ததில் கொஞ்சம் கூட, இப்படியே. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். மெதுவாகக் கலக்கும்போது தண்ணீருக்குள் முதலில் புகை மாதிரி ஒன்று வரும், பிறகு திப்பி திப்பியாகத் திரளும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்தவர்கள் நாம். சங்கப் பாட்டிலேயே மனம் தெளிவதற்கு அது உவமையாகிவிட்டது. கலங்கல் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரம் அந்தத் தள்ளலைத் தணித்து ஒன்றுசேர விடுகிறது.

ஆனால் சாயம் கலங்கல் அல்ல. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்த சாமான், படிகாரத்துக்கு லேசில் மசியாது. பழைய நாட்களில் எல்லோரும் செய்தது அன்னபேதியும் சுண்ணாம்பும் கொட்டுவது. நிறம் ஓரளவு போகும், ஆனால் மலை மாதிரிச் சேறு விழும். அதோடு, உப்புக் கரைசலைத் திரும்பச் சாயம் போட அனுப்பப் போகிறோம் என்றால் இது வேறொரு இடத்தில் இடிக்கும். சுண்ணாம்பு தண்ணீரைக் கடினமாக்கும், அன்னபேதியில் இரும்பு இருக்கிறது. கடினத் தண்ணீரில் துணி திட்டுத் திட்டாகச் சாயம் ஏறும், இரும்பு நிறத்தையே மங்கடிக்கும். நிறத்தை எடுக்கப் போட்ட மருந்து அடுத்த துணியின் நிறத்தைக் கெடுக்கும். அதனால்தான் முதல் வேலையை நுண்ணுயிர்களிடம் விட்டுவிட்டு, மிச்ச நிறத்துக்கு மட்டும் மருந்து என்று முடிவானது.

நுண்ணுயிர்த் தொட்டியைத் தொடங்குவது பற்றி எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. நடைமுறையில் அது ஒரு வண்டிச் சாணியில் தொடங்கியது. பக்கத்து ஊர்த் தொண்டுப்பட்டியிலிருந்து சாணி வந்தது. கரைத்து, நாரும் வைக்கோலும் போக வடிகட்டி, தொட்டிக்குள் ஊற்றினோம். வேறொரு நிலையத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் சேறும் கொண்டுவந்தோம், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. முதல் சில நாட்களுக்கு அவற்றுக்குச் சாப்பாடு சாயத்தண்ணீர் இல்லை, வெல்லக் கரைசல். பிறகு தினமும் கொஞ்சம் சாயத்தண்ணீர், முதலில் பத்தில் ஒரு பங்கு, பிறகு ஐந்தில் ஒன்று. இத்தனை உப்புக்கு அவை பழக வேண்டும். அவசரப்பட்டால் செத்துப்போகும்.

சாயத்தண்ணீரில் கரிம உணவு இருக்கிறது, தழைச்சத்தும் மணிச்சத்தும் போதாது. நூறு பங்கு உணவுக்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது கணக்கு. எங்கள் ஓட்டத்துக்கு அது ஒரு நாளைக்கு யூரியா சுமார் நாலே கால் கிலோ, டி.ஏ.பி. சுமார் இரண்டரை கிலோ என்று வந்தது. எடுபிடி வேலைக்கு வந்திருந்த பெரியவர் ஒருத்தர் நான் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதென்னுங் அம்மிணி, மஞ்சக்காட்டுக்குப் போடற கணக்காட்ட இருக்குது?" அவரிடம் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து அவரே நிறுத்துக் கரைத்துவிட்டார்.

முதல் பத்து நாள் வெள்ளை நுரை மட்டும் எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. இளம் தொட்டிகள் அப்படித்தான். ஒரு லிட்டர் உருளையில் மொண்டு அரை மணி நேரம் வைத்தால் அடியில் விரற்கடை அளவுதான் படியும். மூன்றாவது வாரம் நுரை அடங்கியது. தண்ணீர் பானகத்தின் நிறத்துக்கு வந்தது, படிவு கால் உருளைக்கு ஏறியது. ஒரு விடியற்காலையில் தொட்டியின் மேல் நடைபாதையில் நின்றபோது புதுமழைக்கு நனைந்த மண் வாசனை வந்தது. ஆரோக்கியமான சேற்றின் வாசனை அது. அண்ணனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் மோந்துவிட்டு, "இருபது வருசமா மூக்குல சாயந்தான் இருக்குது. எனக்கு என்னத்தத் தெரியுது போங்" என்றார்.

நுண்ணுயிர் முடித்த பிறகும் ஒரு வெளிறிய கத்தரிப்பூ நிறம் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் நிமிடத்துக்கு அந்த 100 மில்லி. நேர் மின்னூட்டம் கொண்ட ஒரு பாலிமர், ஆலைகளில் கலர் ரிமூவர் என்பார்கள். ஜார் டெஸ்டில் ஐந்தாவது பீக்கர் பளிங்கு மாதிரி இருக்கும். ஆறாவது இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைப்போம், அது மறுபடி மங்கியிருக்கும். மருந்து மிஞ்சினால் துகள்கள் எல்லாம் நேர் மின்னூட்டம் ஏறி மறுபடி ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்துவிடும். அந்த மங்கல்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத ஆபத்து வேறு. மிஞ்சிய பாலிமர் தண்ணீரோடு போய் ஆர்.ஓ. சவ்வில் ஒட்டிக்கொள்ளும், சவ்வு எதிர் மின்னூட்டம் உள்ளது. உப்பு படியாமலிருக்க அங்கே வேறொரு மருந்து போடுவோம். இதுவும் அதுவும் சேர்ந்து பசையாகவும் ஆகும். கழுவினால் எளிதில் போகாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் ஆலையைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. பட்டறைக்காரர்கள், விவசாயிகள் தரப்பில் சிலர், அதிகாரிகள். முந்தின நாள் மாலை எங்கள் மேலாளர் வந்து, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கலர் ரிமூவரைக் கூட்டிவிடச் சொன்னார். "கிளாஸ்ல புடிச்சுக் காட்டினா மினரல் வாட்டராட்ட இருக்கோணும்." சவ்வைப் பற்றிச் சொன்னேன். "ஒரு நாள்ல என்ன ஆயிரும்?" என்றார். வருகிறவர்கள் பார்க்கப்போவது கண்ணாடி டம்ளரை, சவ்வை அல்ல என்பது அவர் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. இந்த ஊரில் பதினைந்து வருஷமாக எல்லோரும் டம்ளரைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில், மருந்தை ஜார் டெஸ்ட் தாங்குகிற உச்சத்துக்கு ஏற்றி, அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வுக்கு விடாமல் வடிகட்டித் தொட்டியிலிருந்து முதல் தொட்டிக்கே திருப்பிவிட்டேன். ஆர்.ஓ. முந்தின நாள் சேமித்த தண்ணீரில் ஓடியது. அவருக்கு டம்ளர் கிடைத்தது, சவ்வும் பிழைத்தது. பைலட் ரெக்கார்டில் அன்றைய வரிசையில் 'காட்சி ஓட்டம், கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

வந்தவர்களில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கண்ணாடி டம்ளர் கைக்குக் கை மாறி அவரிடம் வந்ததும், யாரும் தடுக்கும் முன் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டார். நான் பதறிப்போய், "ஐயா, அது வேண்டாமுங்க" என்றேன். அவர் டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "கலரு போச்சுங். கரிக்குதே."

சரியாகச் சொன்னார். ஆர்.ஓ.வுக்கு முந்தைய தண்ணீர் அது. அதன் டி.டி.எஸ். 6,500. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு 50, 80 கிராம் என்று உப்பு போட வேண்டும். வெறும் சமையல் உப்பு, அல்லது சோடியம் சல்பேட். அது சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடும், தான் துணியில் தங்காது. போட்டதில் போட்ட அளவு வெளியே வரும். நுண்ணுயிர் அதைத் தின்னாது, படிகாரம் அதைப் பிடிக்காது. உப்பை எடுக்க எந்த மருந்தும் இல்லை. எந்த டோசிங் பம்பையும் எவ்வளவு திருகினாலும் உப்பு போகாது, மருந்து போடப் போட இன்னும் கொஞ்சம் கூடும். பிரித்து ஒதுக்கலாம், அவ்வளவுதான். ஆர்.ஓ. அதைத்தான் செய்கிறது. 5 கன மீட்டர் உள்ளே போனால் 4 கன மீட்டர் நல்ல தண்ணீர், மீதி ஒரு கன மீட்டரில் மொத்த உப்பும். லிட்டருக்கு 32 கிராமுக்கு மேல், கடல் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மணிக்கு 32 கிலோ என்றால் எங்கள் குட்டி ஆலையிலேயே ஒரு நாளைக்கு 780 கிலோ உப்பு. அருள்புரம் அளவில், நாளைக்கு 55 லட்சம் லிட்டர் கொள்ளளவில், இதே உப்பு இருந்தால் 35 டன்னைத் தாண்டும். திருப்பூரின் மற்ற நிலையங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2011க்கு முன் அத்தனையும் ஏதோ ஒரு வழியில் நொய்யலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெரியவரை உட்கார வைத்து இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செரி, அந்த 780 கிலோ எங்கீங் போகுது?"

எங்களிடம் பாதிப் பதில் இருந்தது. ஒதுங்கிய கரைசலின் நிறத்தையும் கடினத்தையும் எடுத்து, ஆவியாக்கி அடர்த்தி ஏற்றி, அடுத்த சாயத்துக்குத் திருப்பி அனுப்பலாம். ஒரு மாதம் கழித்து அதைச் செய்தும் பார்த்தோம். எங்கள் கரைசலில் பத்து கிலோ துணிக்கு கடல் நீலம் போட்டார்கள், பக்கத்திலேயே கடை உப்பில் இன்னொரு பத்து கிலோ. டையிங் மாஸ்டர் இரண்டு துண்டையும் வெட்டி விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஜார் டெஸ்டில்கூட எனக்கு அப்படி வயிற்றைக் கலக்கியதில்லை. இந்தத் துணி ஒத்துவராவிட்டால், கரைசலை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் அது போக ஒரே ஒரு இடம்தான் உண்டு, அது அப்புச்சி தோட்டத்துப் பக்கம் இருக்கிறது. மாஸ்டர் துண்டுகளைத் திருப்பிப் போட்டு, "எது உங்களுது?" என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மாமாவின் பட்டறை அடுத்த வருஷம் மறுபடி ஓடியது. அவருக்கு இப்போது உப்புக் கரைசல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது. உப்பு லாரிக்குக் கொடுத்த காசு குறைந்தது, சுத்திகரிப்புக்குக் கொடுக்கிற காசு அதைவிடக் கூடியது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும்.

மீதிப் பாதிப் பதில் ஷெட்டில் இருந்தது. எல்லாக் கரைசலும் திரும்பிப் போவதில்லை. கடைசியில் ஆவியாக்கியின் அடியில் சமையல் உப்பும் சல்பேட்டும் மிச்ச நிறமும் இன்னும் என்னென்னவோவும் கலந்த ஒரு பழுப்பு உப்பு தங்கும். கலப்பு உப்பு என்று அதற்குப் பெயர். சாயத்துக்கும் ஆகாது, விற்கவும் முடியாது. அதைப் பைகளில் கட்டித் தகரக் கொட்டகைக்குள் அடுக்க வேண்டும். நான் அங்கே இருந்தவரை அது கூடியதே தவிரக் குறைந்ததில்லை. புரட்டாசி கடைசியில் கூரைத் தகரம் மூன்று இடத்தில் ஓட்டையாக இருப்பதை அண்ணன் பார்த்துச் சொன்னார். மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தகரம் ஐப்பசி பத்து தேதிக்குள் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் மூட்டைகள் கூரை விளிம்பைத் தாண்டி வெளியே வந்திருந்தன. கடைசி இரண்டு வரிசைக்குத் தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தோம்.